எழுதாமல் விட்ட பத்து நிமிடம்

ஒரு ட்ரே நிறைய போர்டுகள். டெஸ்டரில் ஒன்றுகூடத் தேறவில்லை. தரம் பார்க்கும் கியூசி ஆட்கள் பிரித்துப் பார்த்துவிட்டு, ஸ்டேட்டிக் மின்சாரம் அடித்துச் சிப்புகள் செத்துவிட்டன என்றார்கள். ட்ரேயில் ஒட்டியிருந்த சீட்டில் மேசை எண் பதினேழு. அது புஷ்பா அக்காவின் மேசை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பாலிடெக்னிக் மாணவனாகிய நான் புக்கிட் ரம்பாயில் கம்ப்யூட்டர் போர்டு செய்யும் ஒரு ஃபேக்டரியில் ஆறு மாதப் பிராக்டிகலில் இருந்தேன். எங்கள் எஸ்டேட்டிலிருந்து பஸ் நிறையப் பெண்கள் அங்கே லைன் வேலைக்குப் போனார்கள். இன்ஜினியரிங் ஆபிசுக்குள் நுழைந்தவன் நான் ஒருவன்தான். பஸ்ஸில் புஷ்பா அக்கா தினமும் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார். "ஒக்காரு தம்பி, இன்ஜினியர் நின்னுக்கிட்டு வரலாமா?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். எனக்கோ தலைகால் புரியாது.

முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். போர்டைத் தொடுவதற்கு முன் மணிக்கட்டில் ஸ்ட்ராப் மாட்ட வேண்டும். நம் உடம்பிலிருக்கும் ஸ்டேட்டிக்கை அது தரைக்கு இறக்கிவிடும். எனக்கும் சொன்னார்கள். நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

அந்த ட்ரே கெட்ட அன்று காலை அக்கா டாய்லெட் பாஸை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மேசையில் ஆள் இல்லை. என் ப்ராஜெக்டுக்குச் சிப் நம்பர்கள் குறிக்க வேண்டியிருந்ததால் போய் உட்கார்ந்து, ட்ரேயிலிருந்த போர்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினேன். ஸ்ட்ராப் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. ஐந்து நிமிட வேலைக்கு இது வேறயா என்று விட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் லென்சில் குனிந்திருந்தார்கள். அக்கா திரும்பி வருவதற்குள் எழுந்து போய்விட்டேன்.

சூப்பர்வைசர் லிம் ரிப்போர்ட் கேட்டார். மேலிடத்துக்குப் போவதால் இங்கிலீஷில் இருக்க வேண்டும். அக்கா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர். மலாய் நன்றாகப் பேசுவார், இங்கிலீஷ் வராது. அவர் சொல்லச் சொல்ல நீ எழுது என்று லிம் என்னிடம் பேப்பரைக் கொடுத்தார். அக்காவை லைன் லீடராக்கும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. எங்கள் லைனில் நம் ஆட்கள் யாரும் அதுவரை லீடரானதில்லை.

கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"நல்லா எழுது லா, தம்பி. நான் ஸ்ட்ராப்ப கழட்டவே மாட்டேன். டாய்லெட்டுக்குப் போனப்ப மட்டுந்தான், ஒரு பத்து நிமிசம். அந்த நேரத்துல யாரோ தொட்டிருக்கணும். அத கண்டிப்பா போடு."

"சரிக்கா."

நான் போடவில்லை. போட்டால் அந்தப் பத்து நிமிடம் அங்கே யார் உட்கார்ந்தது என்று தேடுவார்கள். பிராக்டிகல் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. என் லாக் புக்கில் லிம் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்ட்ராப் மாட்டியிருந்ததாக ஆபரேட்டர் சொல்கிறார், ஆனால் சரியாக மாட்டாமல் இருந்திருக்கலாம் என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். அக்கா கீழே தமிழில் கையெழுத்திட்டார். "ஒன் எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார்.

வார்னிங் லெட்டர் வந்தது. லைன் லீடர் வேலை வேறொருவருக்குப் போனது. அக்காவைப் பேக்கிங் பக்கம் மாற்றினார்கள்.

அடுத்த வாரமும் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை. நான் உட்கார்ந்ததும் பையிலிருந்து ரிப்போர்ட் நகலை எடுத்தார்.

"எம்மக ஃபார்ம் த்ரீ படிக்கிறால்ல, அவள வாசிக்கச் சொன்னேன். டாய்லெட் போனது இதுல இல்லங்கிறா. மறந்துட்டியா, தம்பி?"

"ஆமாக்கா, மறந்துட்டேன்."

"பரவால்ல, அவசரத்துல எழுதுன. இன்னொரு தாள்ல எழுதிக் குடு. நானே லிம்கிட்ட குடுத்துப் பாக்கறேன்."

சட்டைப் பையில் பேனா இருந்தது. "நாளைக்கு எழுதித் தரேன்க்கா" என்றேன்.

மறுநாள் அப்பாவின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். மீதி மூன்று வாரமும் பஸ் பக்கமே போகவில்லை. "புஷ்பா இன்னும் ஒனக்கு எடம் போட்டு வச்சிருக்காளாம், நீ ஏன் பஸ்ல போவல?" என்று அம்மா கேட்டார். பஸ் நேரம் ஒத்து வரவில்லை என்று அவரிடமும் பொய் சொன்னேன்.

லிம் கையெழுத்துப் போட்டார். நம்பிப் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். லாக் புக்கின் கடைசிப் பக்கத்தில், இந்தப் பயிற்சியில் நீ பெற்றது என்ன என்று ஒரு கேள்வி இருக்கும். கூட்டாக வேலை செய்யக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இன்றும் கூசிப் போகிறேன்.

இப்போது என்னிடம் பிராக்டிகலுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். ஸ்ட்ராப்பை யாரும் சொல்லிக் கொடுத்துவிடலாம். நான் சொல்லிக் கொடுப்பது வேறு. தப்பு செய்தால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் அப்புறம் வாய் வராது. இன்னொருவருக்காக எழுதினால், அவருக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். கறாரான ஆள் என்று என்னைச் சொல்கிறார்கள். காரணம் யாருக்கும் தெரியாது.

புஷ்பா அக்கா ஜாசினில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அக்கா, அந்த மேசையில் உட்கார்ந்தது நான்தான். நீங்கள் கேட்ட இன்னொரு தாள் இது. தமிழில் எழுதியிருக்கிறேன், மகளை வாசிக்கச் சொல்ல வேண்டியதில்லை.