மகாராணிக்குக் கோவம்

"கால உள்ள இழுங்க சார், மகாராணிக்கு அவசரம்!" என்றபடி இரும்புக் கதவைச் சடாரென்று சாத்துகிறார் லிஃப்ட்காரர். மகாராணி என்பது அவருடைய லிஃப்ட். ஒன்பது மாடிப் பங்குச்சந்தைக் கட்டடத்தில், பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால் ஏறி இறங்கும் பழைய பெட்டி. மூலையில் ஒரு மர ஸ்டூல். பெட்டி காலியானால்தான் அதில் உட்காருவார். வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் போச்சு, அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இருபத்தாறு வருஷமாகப் புரோக்கர்களைச் சுமந்தவர் ஒரு பங்குகூட வாங்கியதில்லை. மார்க்கெட் நிலவரம் தெரிய அவருக்குப் பேப்பரும் வேண்டாம். "தோளப் பாத்தாலே தெரிஞ்சுரும். நிமிந்து நின்னா லாபம். போற மாடியையே மறந்துட்டு நின்னா, அடி பலம்."

பதினைந்து வருஷத்துக்கு முன் சந்தை ஒரே நாளில் தலைகுப்புற விழுந்ததே, அன்று யாருமே மாடி சொல்லவில்லை. கூச்சலில் காது கிழியும் கீழ்க்கூடம் மதியத்துக்குள் வாயடைத்துப் போயிருந்தது. அப்போதுதான் கண்ணாடிக்காரர் ஏறினார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட மூன்றாம் மாடிப் புரோக்கர், தினமும் "சாப்ட்டீங்களா?" என்று விசாரிக்கிற மனுஷர். அன்று விசாரிக்கவில்லை.

"மேல போங்க."

"எத்தனாவது சார்?"

"கடைசி."

கடைசி என்றால் மொட்டை மாடி. அங்கே தண்ணீர்த் தொட்டியைத் தவிர என்ன இருக்கிறது? லிஃப்ட்காரர் அவர் தோளைப் பார்த்தார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் கைப்பிடியைத் திருப்பி நிறுத்தினார்.

"அடடா, மகாராணிக்குக் கோவம் சார். கொஞ்ச நேரம் ஆகும். நீங்க உக்காருங்க" என்று அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இரண்டரை மணி நேரம். மேலேயும் கீழேயும் கதவைத் தட்டினார்கள். மேனேஜர் கண்டபடி திட்டினார். "ரிப்பேர் சார்!" என்று இவரும் விடாமல் கத்தினார். உள்ளே கண்ணாடிக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். தன் காசு மட்டுமா, நம்பிக் கொடுத்தவர்கள் காசும் போச்சே என்றார். லிஃப்ட்காரருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, கதை கேட்கத்தான் தெரியும். வீட்டில் யார் யார் என்று கேட்டார். ஒரே மகள், ரெண்டாங்கிளாஸ், கணக்கில் கெட்டி, ஷூ லேஸ் மட்டும் கட்டத் தெரியாது, காலையில் அப்பாதான் கட்டிவிட வேண்டும்.

"அப்ப நாளைக்கு யாரு சார் கட்டுவா?"

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "கீழயே போலாம்" என்றார். மகாராணிக்கு அந்த நொடியே கோவம் தீர்ந்தது.

லிஃப்ட்காரருக்குக் கிடைத்தது ஒரு மெமோ. அந்த வருஷ இன்கிரிமெண்டும் அம்பேல். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. அந்த மனுஷர் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாரே என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். கண்ணாடிக்காரர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. லிஃப்ட் நிஜமாகவே கெட்டுப்போனதென்று நம்பியிருப்பார், பாவம், என்றே இவர் நினைத்திருந்தார்.

போன திங்கட்கிழமை கண்ணாடிக்காரர் வந்தார். தலை பூரா நரை. கூடவே தோளுக்கு மேல் வளர்ந்த மகள்.

"ஏழாவது மாடி. பாப்பாவுக்கு இன்னிக்குத்தான் வேலைல முதல் நாள்."

லிஃப்ட்காரரின் கண் நேரே அவள் ஷூவுக்குப் போயிற்று. லேஸ் கச்சிதமாகக் கட்டியிருந்தது. கைப்பிடியைத் திருப்பினார்.

ஐந்தாம் மாடி தாண்டியதும் கண்ணாடிக்காரர் கையை நீட்டி அதே கைப்பிடியைத் திருப்பினார். மகாராணி நின்றாள்.

"மகாராணிக்குக் கோவம். கொஞ்ச நேரம் ஆகும்" என்று சொல்லி, மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்து லிஃப்ட்காரர் முன்னால் போட்டார். "நீங்க உக்காருங்க."