பால்கனிக்கு வந்த கொம்புத்தேனீ

மயூர் விஹாரில் எங்கள் ஃப்ளாட்டின் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. போன ஹோலி முடிந்த கையோடு அதன் கிளையில் கொம்புத்தேனீ வந்து கூடு கட்டியது. வீட்டு ஈ அளவுதான் இருக்கும். உள்ளங்கை அகலத்தில் ஒரே ஓர் அடை, அதை மூடிக்கொண்டு போர்வை போலத் தேனீக்கள்.

எனக்கு அம்மனே வீடு தேடி வந்த மாதிரி இருந்தது. போய்விடக் கூடாது என்பதுதான் தினமும் என் வேண்டுதல். கறிவேப்பிலை பறிப்பதையும் நிறுத்திவிட்டேன்.

"உன் அம்மன் என் ரசத்துல கை வச்சுட்டாளே" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணி முறையில் நான் பாபி என்று கூப்பிடும் பக்கத்து ஃப்ளாட் பஞ்சாபிக்காரிக்கோ பயம். மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடுவேன் என்றாள். மாதா வந்திருக்கிறாள், பாவம் பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கெஞ்சி நிறுத்திவைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாமி படங்களுக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, இவளுக்குக் காட்டாமல் இருக்க மனம் வருமா? கூட்டுக்கு அடியில் தூபக்காலை வைத்து நன்றாக விசிறினேன். தேனீக்கள் ஒரு பக்கமாக ஒதுங்க, அடை முழுசாகத் தெரிந்தது. தரிசனம் கொடுத்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்த வெள்ளி சாம்பிராணியை இன்னும் தாராளமாகப் போட்டேன்.

மறுநாள் காலை கூடு காலி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்மா, தேன் எடுக்கறவங்க புகை போட்டுத்தான் அதை விரட்டுவாங்க. நீ பூஜைன்னு சொல்லி அதையேதான் பண்ணியிருக்க" என்றாள் மகள்.

இரண்டு நாள் கழித்து பாபி வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அவள் பால்கனியில் ஏசிக் குழாயில் புதுக் கூடு. என் தொட்டியிலிருந்த பழைய அடையின் மெழுகைக்கூடப் பிய்த்து அங்கேதான் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. சமையலறையில் கோழி வறுபடும் வாசனை. இந்த வீடா பிடித்தது என் தாயாருக்கு?

மருந்தடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ, மாதா உன்னை விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டாள் பார் என்று பூரித்துப்போய், ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினாள்.

பாய்ந்து பிடுங்கிவிட்டேன். "பூஜா வேண்டாம் பாபி. தள்ளி நின்னு கும்பிடு, பஸ், அது போதும்."

நான் பொறாமையில் சொல்கிறேன் என்றாள். கொஞ்சம் பொறாமையும் இருந்தது.