முப்பத்து நாலு கொழுக்கட்டை

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு. மராத்தி ஊரான கராடியில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், "நாளைக்கு கணபதி ஆர்த்திக்குப் பிரசாதம் யார்?" என்று கேட்டு முடிக்கவில்லை, "நான்! வீட்டுக்கு ஒண்ணா ஐம்பத்தொரு கொழுக்கட்டை!" என்று போட்டுவிட்டேன். மறுநாள் ஆபீஸ் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்பது போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

போன வருஷம்தான், முப்பத்தெட்டு வயதில், எனக்கு ஏடிஹெச்டி என்று டாக்டர் கண்டுபிடித்தார். கவனம் ஓரிடத்தில் நிற்காது, ஆரம்பித்தது முடியாது, ஒன்று தோன்றினால் அந்த நிமிஷமே செய்தாக வேண்டும். காலையில் ஒரு மாத்திரை. அது பகலெல்லாம் பசியை அமுக்கிவிடும். மத்தியானச் சாப்பாடு மறந்தே போகும். நாலு மணிக்கு மருந்தின் வேகம் இறங்கும்போது வருவது பசி இல்லை, வெறி. அதை மட்டும் டாக்டரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் "சாப்பாடெல்லாம் எப்படி?" என்பார். "ஒழுங்கா சாப்பிடறேன் டாக்டர்" என்பேன். வீட்டில் யாருக்கும் தெரியாது என்றும் நினைத்திருந்தேன்.

மறுநாள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு, மூன்றரை மணிக்குக் கடைசி ஈடு இறக்கினேன். நைவேத்தியத்துக்குச் செய்ததை உப்பு பார்க்கக்கூட வாயில் வைக்க மாட்டோம். எனக்குத் தெரியாதா என்ன? ஒன்று உடைந்திருந்தது. உடைந்ததை எப்படியும் படைக்க முடியாதே என்று வாயில் போட்டேன். அப்புறம் இன்னொன்று. நின்றபடியே, சூடு ஆறாமல், நாக்கு வெந்தும், ருசிகூடத் தெரியாமல். நிறுத்துடி, நிறுத்துடி என்று உள்ளே ஒருத்தி கத்துகிறாள். கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கடைசியில் தட்டில் இருந்ததை எண்ணினேன். முப்பத்து நாலு. ஏழு மணிக்கு ஆர்த்தி. மாவு இல்லை, பூரணம் இல்லை. மீதி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்?

திரும்பினால், பத்து வயது மகள் பள்ளிப் பையோடு சமையலறை வாசலில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாகவோ. தட்டைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள்.

"அம்மா, நான் சாப்பிட்டேன்னு சொல்லு. பச்சா சாப்பிட்டா கணபதியே சாப்பிட்ட மாதிரின்னு காக்கூ சொல்வாங்க இல்ல?" பச்சா என்றால் குழந்தை. எதிர் ஃப்ளாட் மராத்திக்கார அம்மாள்தான் அவளுக்குக் காக்கூ.

வேண்டாம்டி கண்ணே என்று சொல்லியிருக்க வேண்டும். "சரி" என்றேன். அப்பாடா என்றிருந்தது, பாவி எனக்கு.

ஆர்த்தி முடிந்ததும், குறைந்த பதினேழையும் தானே சாப்பிட்டுவிட்டதாக அவளே சொன்னாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். காக்கூ அவள் கன்னத்தைக் கிள்ளி, "காதாட்!" என்றார். நம் ஊரில் தீனிப்பண்டாரம் என்போமே, அது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சட்டையை வயிற்றுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் குர்த்தாவை அப்படித்தான் இழுத்துவிட்டுக்கொள்வேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ ஒண்ணுகூடத் தொடல. நான்தான் சாப்பிட்டேன், பதினேழும்" என்று இந்தியில் சத்தமாகவே சொன்னேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள், அம்மா என்றால் இப்படித்தான் என்று காக்கூ என் தோளைத் தட்டினார். சிலர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை ஒரு டப்பா நிறைய மோதகத்தோடு காக்கூ வந்தார். "நம்ம காதாட் பொண்ணுக்கு!" என்று கொடுத்துவிட்டுப் போனார். டப்பாவை மகளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீ சாப்பிடு அம்மா. அப்பா குளிச்சிட்டு வர்றதுக்குள்ள. நான் டோர்கிட்ட நிக்கறேன், எப்பவும் மாதிரி."

எப்பவும் மாதிரி. டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டு, அவள் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டேன்.

"சாப்பாடு விஷயத்துல உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் டாக்டர்" என்றேன்.