முன் சீட்டில் உங்கள் அம்மா

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடம் நீங்கள் எல்லோரும் ஒரே பேச்சாகச் சொன்னீர்கள்: "முட்டி வலி வந்துச்சி, அதான் சைக்கிள வுட்டுட்டாங்க." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். காரியத்தன்று சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். முட்டி வலி வந்தது உண்மை. ஆனால் அது பின்னால் வந்தது. இடது கை எழுத்து, கோணலாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

என் வலது கை அரிசி மில் பெல்ட்டில் போனது உங்களுக்குத் தெரியும். அப்புறம் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்து ரிடையர் ஆனேன். ஒற்றைக் கையால் தார் ரோட்டில் சைக்கிள் ஓட்டிவிடலாம். மாட்டு வண்டித் தடம் விழுந்த நம் மண் ரோட்டில் ஹேண்டில் அடங்காது. ஒரு தடவை விழுந்து கால் வீங்கி வந்தபோது, மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே உங்கள் அம்மா சொன்னாள், "நான் முன்னால குந்தி ஓட்டறேன். நீங்க பின்னால மிதிங்க." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மா மாற்றலாகிப் போகும்போது கொடுத்த லேடீஸ் சைக்கிளையும் என் பழைய வண்டியையும் உத்திரமேரூர் சைக்கிள் கடைக்காரர் சேர்த்து, வெல்டிங் வைத்து ஒன்றாக்கிக் கொடுத்தார். காய்ந்து கிடந்த ஏரிக்குள் ஓட்டிப் பழகினோம். பிரேக்கும் பாதையும் அவள் பொறுப்பு. பெல் அடிப்பது நான்.

முதலில் தாமல் போனோம். ஏரிக்கரையில் கட்டுச்சோறு தின்றுவிட்டு, திருப்புட்குழிப் பெருமாளைச் சேவித்துச் சத்திரத்தில் படுத்தோம். அப்புறம் ருசி கண்டுவிட்டது. திருத்தணி, திருவண்ணாமலை என்று தூரம் ஏறிக்கொண்டே போனது. அதுவரை அடுப்படியை விட்டு வெளியே வராதவள், கைகாட்டி மரத்தின் கீழே வண்டியை நிறுத்தி, ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். தப்பாகப் படித்தாலும் நான் திருத்த மாட்டேன்.

வழியில் டீக்கடைக்காரர்கள் சும்மா விடுவார்களா? "இன்னா நைனா, பொண்டாட்டி ஓட்ட நீ குந்திக்கினு வர்ற? மாப்ள ஊர்கோலமா?"

"பின்னால பாரம் வச்சாத்தான் வண்டி ஆடாது தம்பி," என்பாள் அவள். "நீயும் ஏறிக்கோ, எடம் கீது."

ஆனால் சொந்தக்காரர் இருக்கும் ஊர் என்றால் எல்லையிலேயே இறங்கிவிடுவாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போவேன். அவள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு பின்னால் நடந்து வருவாள். ஊர் தாண்டியதும் மறுபடி ஏறுவாள். உங்களுக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்று அவளாகவே செய்தது அது.

வந்தவாசி போய்த் திரும்பும்போது பெருநகர் வந்தது. மூத்தவளே, நீ வாழ்க்கைப்பட்ட ஊர். வண்டி செய்வதற்கு முன்பே நீ கல்யாணமாகிப் போய்விட்டாய். எல்லையில் நான் காலை ஊன்றினேன். அவள் இறங்கவில்லை.

"இத்தினி ஊரு சுத்தியாச்சி. எம் பொண்ணு மட்டும் நான் ஓட்டறதப் பாக்கல. இன்னிக்கி ஒரு நாளு அவ வூட்டு வாசல்ல போயி எறங்கறேன். மிதிங்க."

மிதித்தேன். உன் வீட்டுத் தெரு வரைக்கும் நான் பெல்லை விடவில்லை.

வாசலில் கட்டில் போட்டு உன் மாமனார் இன்னும் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "வாங்க சம்மந்தி. ஒரு கை மில்லுல போச்சின்னாங்க. மீதிக் கைய சம்மந்தியம்மாகிட்ட குடுத்துட்டீங்களா?" என்றார். மற்ற இரண்டு பேரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அதை அவள் காதிலேயே வாங்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வியர்வையும் சிரிப்பும். நீ வெளியே வந்தாய். வண்டியைப் பார்த்தாய், மாமனாரைப் பார்த்தாய். அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாய். நடையில் நீ சொன்னது வெளியில் நின்ற எனக்குக் கேட்டது.

"ஏம்மா, ஊருக்கு வெளியவே எறங்கி நடந்து வரக் கூடாதா? நாளைக்கி நான் இந்தத் தெருவுல தல நிமுந்து நடக்க வாணாவா?"

அவள், "தண்ணி குடும்மா," என்றாள். நீ கொடுத்தாய்.

சாப்பிடச் சொன்னாய், சாப்பிட்டோம். திரும்பும்போது அவள் எனக்குப் பின்னால் நடந்து வந்தாள். எல்லை தாண்டியதும் வண்டியை நிறுத்தி, "ஏறு," என்றேன்.

"காலு மரத்துப்போச்சி. நடந்தே போவலாம்."

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நடந்தோம். வண்டியை பஸ் மேலே ஏற்றிவிட்டு, உள்ளே பெண்கள் பக்கம் அவள், ஆண்கள் பக்கம் நான்.

அப்புறமும் நான் விடவில்லை. காஞ்சிபுரம் போகலாமா, மாமல்லபுரம் போகலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "பாக்கலாம்," என்பாள். நடவு என்பாள், வெயில் என்பாள். உன் பேரை ஒரு நாளும் எடுத்ததில்லை. கேட்கிறவர்களுக்கு முட்டி வலி என்று முதலில் சொன்னவளும் அவள்தான். அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள்.

அந்த வண்டிக்குக் காற்று அடிக்க எங்களுக்கு இரண்டு ஆள் வேண்டும். பம்பை நான் காலால் மிதித்துக்கொள்ள, அவள் இரண்டு கையாலும் அடிப்பாள். ஒரு நாள் அவள் களை எடுக்கப் போயிருந்த நேரம், கொட்டகைக்குப் போனேன். இரண்டு டயரும் கல் மாதிரி இருந்தன. நான் தூங்கும்போது யாரையோ வைத்து அடித்திருக்கிறாள். குந்தி உட்கார்ந்து முன் சக்கரத்து வால்வைக் கழற்றினேன். இனி காற்று அடிக்க அவள் என்னைத்தான் கூப்பிட வேண்டும். காற்று முழுக்க இறங்குகிற வரைக்கும் இருந்துவிட்டு, பின் சக்கரத்துக்கு நகர்ந்தேன்.