இடது கெண்டைக்கால், ஆறு நாள்

ஆனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை என் நாட்குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: அவளுக்கு இடது கெண்டைக்கால் வீக்கம். மறுநாள் இன்ச் டேப்பால் சுற்றளவு எடுத்துக் குறித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வலது காலையும் அளந்தேன். ஞாயிறு வரை காலையும் மாலையும் அளந்துகொண்டே இருந்தேன். தினமும் கொஞ்சம் ஏறியது. தேதி வாரியாக எழுதி வைத்தால் டாக்டருக்கு உதவும் என்று நினைத்தேன். டாக்டரிடம்தான் போகவில்லை.

என் மனைவி பீங்கான் பட்டறையில் பிசிறு எடுக்கிறவள். அச்சிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளைச் சூளைக்குப் போகுமுன் ஈர ஸ்பாஞ்சால் வழித்துச் சீராக்க வேண்டும். காலை மடக்கிப் பலகை மேல் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் அங்கே எந்தப் பெண்ணும் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. பதினெட்டு வருஷமாக இவளும் குடிக்கவில்லை.

"ஒரு வாயாவது குடிக்கலாம்ல?" என்று கேட்டிருக்கிறேன்.

"குடிக்கிறேன். நான் முள்ளுக்காட்டுப் பக்கம் போற நேரம் நீங்க வந்து என் பலகையில உக்காருங்க."

திங்கட்கிழமை அவளால் கால் ஊன்ற முடியவில்லை. சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். தொடைக்குள் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. எத்தனை நாளாக வீக்கம் என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமா எழுதியிருக்கீங்க. மொத நாளே வந்திருக்கலாமே சார்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய ஐப்பசியில் அவளுக்கு டெங்கு வந்திருந்தது. பிளேட்லெட் ஏற வேண்டும் என்று பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்தேன். ஏறினால் பிழைப்பாள், இறங்கினால் பயம். பிளேட்லெட்டைப் பற்றி அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்போது கிடைத்ததையெல்லாம் படித்தேன். காயத்தை அடைக்கக் காத்திருக்கும் அதே அணுக்கள், காயமே இல்லாத சிரையில் ரத்தம் தேங்கினாலும் விழித்துக்கொள்கின்றன. தமக்குள் பொதிந்து வைத்திருக்கும் புரதங்களை வெளியே விடுகின்றன. அந்தப் புரதங்கள் வெள்ளணுக்களை இழுத்து வருகின்றன; எல்லாம் சேர்ந்து வலை பின்ன, ரத்தக்கட்டி வளர்கிறது. இதில் எதன் மேல் கோபப்படுவது? ஒவ்வொன்றும் தன் வேலையைத்தான் செய்கிறது.

"பப்பாளிச் சாறுனால இருக்குமா மேடம்?"

"அதெல்லாம் இல்ல சார்."

நம்பினேன். ஆனாலும் வீட்டுக் கொல்லையில் இருந்த அந்த மரத்தை வெட்டிவிட்டேன்.

தை மாதத்தில், ரத்தம் உறையாமலிருக்க டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வலது கால் வீங்கியது. இந்த முறை ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கவில்லை. அதனால் எதுவும் மாறிவிடவும் இல்லை. அங்கேயும் அடைப்பு. ஐந்து நாள் வார்டில் வைத்திருந்து ஊசி போட்டார்கள், மாத்திரையை மாற்றினார்கள். கிளம்பும்போது, அந்தப் புரதங்களையே தடுக்க மருந்து இல்லையா என்று கேட்டேன்.

"ஆராய்ச்சி நடக்குது. இவங்களுக்கு ஆகுற மாதிரி எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. "உக்காந்து செய்யுற வேலை மட்டும் இனி வேணாம்."

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லி, கால் நீட்ட வசதியாக முன் சீட்டு வாங்கினேன். சேத்தியாத்தோப்பு தாண்டியதும் அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள், "எடந்தான் இருக்குதே, உக்காரும்மா," என்றார்.

"உக்காந்து உக்காந்துதாங்க இப்புடி ஆச்சு."

அந்த அம்மாள் சிரித்தார். நானும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றேன்.

"திங்கக்கிழம பட்டறைக்குப் போறேங்க," என்றாள் மெதுவாக. "நின்னுக்கிட்டே செய்யுற மாதிரி ஏதாவது வேல குடுப்பாங்களான்னு கேக்குறேன்."

அங்கே பெண்களுக்கு அப்படி ஒரு வேலை இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

"கேட்டுப் பாரு," என்றேன்.