கதவுக்கு அப்பால் கேட்ட கேள்வி

என் மகள் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறாள். ஆபீஸ் வேலையில் மனசு நொந்துபோனவர்களிடம் பேசித் தேற்றுவது அவள் தொழில். பெங்களூரில் நாங்கள் முன்பு குடியிருந்த ஆஸ்டின் டவுன் முழுக்க அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, அதே ஊரில் வைட்ஃபீல்டில் அவளோடுதான் இருக்கிறேன்.

அன்று அவள் அறைக் கதவு திறந்திருந்தது. நான் சமையலறையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன்.

“ராத்திரி தூக்கம் வருதா? சாப்பாடு எறங்குதா?” என்று அவள் குரல் கேட்டது. அவ்வளவு கனிவாக இருந்ததால், என்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

“உங்கப்பா போனதுலருந்து எங்கடி தூக்கம் வருது?” என்றேன், சத்தமாக.

கம்ப்யூட்டரிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. “மேடம், மொதல்ல அம்மாகிட்ட பேசுங்க. நான் வெயிட் பண்றேன்.”

மகள் எழுந்து வந்தாள். “நெஜமாவாம்மா? ஏன் எங்கிட்ட சொல்லல?”

எனக்கு மானமே போனதுபோல இருந்தது. “எனக்கென்னடி கொறச்சல்? சும்மா சொன்னேன். போ, பாவம், அவரு காத்துட்டிருக்காரு.”

அவள் அறைக்குத் திரும்பிப் போனாள்.

முகம் தெரியாத அந்தப் பிள்ளை, தன் கஷ்டத்தைச் சொல்ல வந்த நேரத்தை எனக்குக் கொடுத்தான். வாங்கிக்கொள்ள என் வீம்பு விடவில்லை. இப்போதெல்லாம் அவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறாள். உள்ளே என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். வெளியே இருந்தபடி, வாய்க்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்கிறேன்.