குடைக்காரர்களின் உயரம்

எங்கள் மாவட்டக் கலைக்களஞ்சியத்துக்கு நான் எழுதிய குறிப்புகளிலேயே என் உயிரை வாங்கியது, இரண்டாம் உலகப் போரில் வானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த ஜெர்மன்காரர்களைப் பற்றியதுதான். ஆலிவ் எண்ணெய், ஆட்டுப் பாலாடைக்கட்டி, அம்மை நோய் எல்லாம் சுலபமாக முடிந்தன. இவர்களை எந்தப் பெயரில் போடுவது என்பதிலேயே ஒரு குளிர்காலம் போயிற்று. அவர்கள் நாட்டுப் புத்தகங்கள் 'குதிக்கும் வேட்டைக்காரர்கள்' என்கின்றன. அந்த மே மாதக் காலையில் கிரீட் தீவில் அண்ணாந்து பார்த்த எங்கள் சனமோ, யாரோ குடை பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள் என்று நினைத்துக் 'குடைக்காரர்கள்' என்றது.

காப்பிக்கடை சிஃபிஸிடம் இதைச் சொன்னது என் தப்பு.

"வேட்டைக்காரனாமே! அப்ப நாங்க யாரு, முயலா? அன்னைக்கு முயல்தான்யா சுட்டுச்சு. நீங்க எங்க பாத்தீங்க வாத்தியாரே, குடையையே பாக்காத ஆளு!"

உண்மைதான். எங்கள் தீவின் பட்டாளம் முழுக்க அப்போது கடலுக்கு அந்தப் பக்கம், கிரேக்கப் பெருநிலத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. நானும் அதில் ஒருவன். பிறகு ஜெர்மன்காரர்களின் முகாமில் கல் உடைத்து அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினேன். அதனால் குறிப்பை எழுத ஊரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. ஊரில் எல்லோரும் வாய் ஓயாமல் பேசினார்கள், கரிஃபாலியாவைத் தவிர.

கரிஃபாலியா மனூசோஸின் விதவை. வாய்த்துடுக்குக்காரி. ஆலிவ் பறிக்கிற காலத்தில் அவள் மரத்தடிக்குப் போனால் ஆண்கள் சோம்பல் முறிக்கக்கூட பயப்படுவார்கள். புருஷனையும் மூத்த மகனையும் ஜெர்மன்காரர்கள் சுட்ட நாளில் கறுப்புத் துணியைத் தலையில் கட்டியவள் பிறகு அவிழ்க்கவே இல்லை. இளைய மகளைத் தனியாளாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். ஊர் அவளைப் பற்றி அறிந்தது இவ்வளவுதான். நானும் இவ்வளவுதான் அறிந்திருந்தேன், அவள் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்காரும் வரை.

"குடைக்காரனுங்க எப்படி இருப்பாங்கன்னு எழுதுறியாமே. படி, கேப்போம்."

படித்தேன். விளிம்பில்லாத இரும்புத் தொப்பி. தொடை வரை தொங்கும் பச்சை மேல்சட்டை. முழங்காலுக்குப் பட்டை. பக்கவாட்டில் கயிறு கட்டும் உயரமான பூட்ஸ். பூட்ஸ் என்றதும் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

அவர்களுடைய தோப்பில் ஒருவன் மரத்தில் சிக்கித் தொங்கினான். மனூசோஸ் தன் அப்பனுடைய பழைய துப்பாக்கியால் அவனை மார்பில் சுட்டான். அவன் கழுத்தில் கிடந்த அடையாளத் தகட்டைப் பயத்தில் கிணற்றில் எறிந்துவிட்டு, ஓடைக்கரையில் புதைத்தான். மூத்த மகன் வார்திஸுக்குப் பதினேழு வயது. பிறந்ததிலிருந்து அவன் காலுக்கு நல்ல செருப்பு அமைந்ததில்லை. செத்தவனுடைய பூட்ஸ் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. போட்டுக்கொள்ளாதே என்று மனூசோஸ் சொன்னானாம். நல்ல தோலை மண்ணுக்குக் கொடுக்கிற வீடா இது என்று சொன்னவள் கரிஃபாலியாதான். எண்ணெய் தடவி மெருகேற்றிக் கொடுத்ததும் அவள்தான்.

தீவு விழுந்த பிறகு ஜெர்மன்காரர்கள் ஊருக்குள் வந்தார்கள். ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஒருவன் குனிந்து வார்திஸின் காலைப் பார்த்தான். முதலில் பூட்ஸைக் கழற்றினார்கள். பிறகு அப்பனையும் மகனையும் சுட்டார்கள். கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போக விடவில்லை. அதே ஓடைக்கரையில், அந்த ஜெர்மன் பையனுக்குப் பக்கத்தில்தான் அவள் இருவரையும் புதைத்தாள்.

போர் முடிந்த மறுவருஷம் எலும்பெடுக்கப் போனாள். எங்கள் வழக்கம் அது. சில வருஷம் கழித்துத் தோண்டி, எலும்பை மதுவில் கழுவி, பெட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். ஊர்ப் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்துச் செய்கிற காரியம். இவள் யாரையும் கூப்பிடவில்லை. மூன்றாவதாக ஒரு ஜெர்மன்காரன் கிடப்பதை அவர்கள் பார்த்திருந்தால் எலும்பை நாய்க்குப் போட்டிருப்பார்கள். தோண்டிப் பார்த்தால், மழைவெள்ளம் கரையை அறுத்து மூன்று பேரையும் மக்கிய துணியோடு சேற்றில் ஒன்றாகக் கலக்கி வைத்திருந்தது. மனூசோஸைத் தெரிந்தது. கோவேறு கழுதையிலிருந்து விழுந்து ஒடிந்து கூடின காலெலும்பு காட்டிக்கொடுத்தது. மற்ற இருவரும் ஒரே உயரம். பற்கள் எல்லாம் முழுசு. இரண்டு பேருக்கும் மார்பில்தான் குண்டு. இரண்டு பேருக்கும் வெறுங்கால்.

"அதான் உங்கிட்ட வந்தேன் வாத்தியாரே. தொப்பி இப்படி, சட்டை அப்படின்னு இவ்வளவு எழுதியிருக்கியே. எலும்பு எப்படி இருக்கும்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?"

நான் மேசையிலிருந்த நாலு அகராதியையும் மூடி வைத்தேன்.

"இல்ல அத்தை" என்றேன்.

"இத்தனை வருஷம் கழிச்சு இப்ப என்ன அவசரம்னு கேக்குறியா?"

கேட்கத் தேவையில்லை. ஜெர்மனியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய்த் தங்கள் பையன்களின் எலும்பைச் சேகரித்து, விமானத்தளத்துக்கு மேலே உள்ள குன்றில் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்து எங்கள் ஊர். பேச்சைப் பெயர்த்துச் சொல்ல என்னைத்தான் கேட்டிருந்தார்கள். அவன் ஊர்ல யாரோ ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பா, கொடுத்துடணும் என்று கரிஃபாலியா சொன்னாள். ஆனால் தவறான ஆளைக் கொடுத்துவிட்டால், வார்திஸைச் சுட்டவர்கள் நடுவிலேயே, பெயர் தெரியாத ஜெர்மன் சிப்பாய் என்ற கல்லுக்குக் கீழே வார்திஸ் கிடப்பான். சொல்லும்போது அவள் அழவில்லை.

பெயரைச் சொல்லாமல் பட்டணத்து டாக்டரைக் கேட்டுப் பார்த்தேன். கையை விரித்துவிட்டார்.

அவர்கள் வந்தார்கள். ஒரு பெரியவரும், உடன் வந்த ஓட்டுநரும். ஒவ்வொரு வீட்டிலும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கரிஃபாலியா கதவைத் திறந்து, வழக்கப்படி ஆளுக்கொரு சின்னக் கோப்பை சாராயமும் வாதுமையும் கொடுத்தாள். பெரியவர் குடித்துவிட்டுக் கேட்டார். நான் பெயர்த்துச் சொன்னேன். உங்கள் நிலத்தில் எங்கள் பிள்ளை யாராவது இருக்கிறானா?

அவள் அந்த மனிதரின் முகத்தையே பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"இல்லன்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார். ஓட்டுநரும் பின்னால் போனான். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரெண்டு பேரையும் மகனே மகனேன்னுதான் மதுவுல கழுவுனேன். ஒருத்தன்கிட்ட சொன்னது பொய். யாருகிட்டன்னு தெரியாம ஒருத்தனை எப்படித் தூக்கிக் கொடுப்பேன்?"

ஒவ்வொரு வருஷமும் செத்தவர்களுக்காகக் கோதுமை வேகவைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். பாதிரியார் மனூசோஸ், வார்திஸ் என்று படிப்பார். பிறகு 'பெயரை நீரே அறிந்த உம்முடைய அடியார்' என்பார். அது எல்லா வீட்டுக்கும் பொதுவாகச் சொல்கிற வாசகம். அந்த இடத்தில் அவள் மட்டும் சிலுவை போட்டுக்கொள்வாள். ஏன் என்று, அன்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

களஞ்சியம் அச்சாகி வந்தபோது அவள் படுக்கையில் இருந்தாள். குறிப்பைப் படித்துக் காட்டச் சொன்னாள். 'குடைக்காரர்கள்' என்ற தலைப்பின் கீழே தொப்பி, சட்டை, பூட்ஸ். அதன்பின் நான் சேர்த்திருந்த ஒரு வரி: உயரம், நம் பையன்கள் உயரம்தான். அச்சகத்துக்காரர் இது களஞ்சியத்துக்கு ஆகிற வரியா என்று சண்டை பிடித்தார். நான் விடவில்லை.

"அது ஒன்னுதான் சரியா இருக்கு" என்றாள். திட்டுகிறாளா, பாராட்டுகிறாளா என்று தெரியவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அவள் கேட்டுக்கொண்டபடி, சவப்பெட்டியை மூடுவதற்கு முன் எல்லோரையும் வெளியே அனுப்பினோம். மூன்று பேரையும் அவள் சேர்த்து வைத்திருந்த எலும்புப் பெட்டியை நானும் பாதிரியாரும் மட்டும் திறந்தோம். மனூசோஸைக் காலடியில் வைத்தோம். மற்ற இரண்டு தலைகளையும் அவள் கைக்கு ஒன்றாக, மார்போடு சேர்த்து வைத்தோம். மகன் எந்தப் பக்கம் என்று பாதிரியார் மெதுவாகக் கேட்டார். தெரியாது என்றேன். அவர் மூடியைப் பிடித்தார். நான் ஆணியை எடுத்தேன்.